அலை அடித்த தீவில் 'எக்கோ ரிசார்ட்': யாருக்குப் பசுமை?

மூங்கில் குடில், கூரையில் சோலார் தகடு, பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடையாது. இன்ஸ்டாகிராமில் 'எக்கோ ரிசார்ட்' என்று தேடினால் பெரும்பாலும் இந்தப் படம்தான் உங்கள் கண்ணில் படும்.

ஆனால் அந்தக் குடிலின் கழிவுநீர் எங்கே போகிறது? குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள்? இந்த மூன்றும் படத்தில் தெரியாது.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தியப் பெருங்கடல் ஓரத்தில் பல தீவுகளிலும் கடற்கரைகளிலும் விடுதிகள் மீண்டும் எழுந்தன. சில இடங்களில் முன்பைவிட நல்ல முறையில் கட்ட உண்மையான முயற்சி நடந்தது. சில இடங்களில் பேரிடரே நிலத்தைக் கைமாற்ற ஒரு வாய்ப்பாகிப்போனது.

மலாக்காவில் இருக்கும் நமக்கு இதுல என்ன? சுமத்ரா தீவு குறுக்கே நிற்பதால் அன்று சுனாமியின் வேகம் மலாக்காவை எட்டவில்லை. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் மலாக்காவுக்கும் தீவுகள் உண்டு, கைவிடப்பட்ட விடுதிகள் உண்டு, கடலை மண் போட்டு நிரப்பும் திட்டங்களும் உண்டு. தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் உண்டு. அதனால் மற்ற தீவுகளின் கதை நமக்குப் புதிதாக இருக்காது.

பீபீ தீவில் என்ன நடந்தது?

லங்காவிக்கு வடக்கே, அதே அந்தமான் கடலில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் இருக்கிறது பீபீ டோன் தீவு. இரண்டு மலைகள், அவற்றை இணைக்கும் ஒரு மெல்லிய மணல் திட்டு. கடைகள், விடுதிகள், படகுத்துறை எல்லாம் நெருக்கியடித்து நின்றது அந்த மணல் திட்டில்தான். கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் அளவுக்குத்தான் அதன் உயரம்.

2004 டிசம்பர் 26 அன்று அலை இரண்டு பக்கத்து விரிகுடாக்களிலிருந்தும் வந்து அந்தத் திட்டின் மேல் மோதியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கட்டடங்களில் பெரும்பகுதி போய்விட்டது.

பிறகு வந்த மாதங்களில் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. 'முன்பு கண்டபடி கட்டினோம், இனி திட்டமிட்டுக் கட்டுவோம்' என்றது அரசுத் தரப்பு. கரையிலிருந்து தள்ளிக் கட்டுவது, கடைகளை வேறு பக்கம் மாற்றுவது, குறைந்த எண்ணிக்கையில் வசதியான பயணிகளை வரவழைப்பது எனப் பல யோசனைகள் பேசப்பட்டன. தீவில் பிழைப்பு நடத்தியவர்களோ, தங்கள் கடையும் வீடும் திரும்பக் கிடைக்குமா என்று பயந்தார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போக, மக்களும் தன்னார்வலராக வந்த பயணிகளும் இடிபாடுகளை அள்ளிப்போட்டு அவரவர் இடத்தில் மீண்டும் கட்டத் தொடங்கிவிட்டார்கள். சில ஆண்டுகளில் தீவு ஏறக்குறைய பழைய நெரிசலுக்கே திரும்பியது.

இதில் யாரைக் குறை சொல்வது? அலையில் எல்லாம் இழந்தவர் அடுத்த மாதம் சாப்பிட வேண்டும். திட்டம் வரைபவருக்கு அந்த அவசரம் இல்லை. பேரிடருக்குப் பின் 'பொறுமையாக, பசுமையாகக் கட்டுவோம்' என்று சொல்வது எளிது. அதுவரைக்கும் மக்களின் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வழி இல்லாவிட்டால், எந்த நல்ல திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

பூவும் பட்டாம்பூச்சியும்: ஒரு நல்ல திட்டம் ஏன் தடுமாறியது?

பீபீயில் காகிதத்தைத் தாண்டி வந்த ஒரு திட்டமும் உண்டு. டென்மார்க் அரசின் உதவியோடு அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. நாற்றமடிக்கும் கான்கிரீட் தொட்டிகளாக இல்லாமல், ஒரு பூந்தோட்டமாகவே அதை வடிவமைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் பூவின் மேல் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். அதனால் அதற்குப் 'பூவும் பட்டாம்பூச்சியும்' என்றே பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது? கழிவுநீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய பாத்திகளில் விடுவார்கள். மேலே கல்வாழை, ஹெலிகோனியா போன்ற செடிகள் வளரும். வேர்களைச் சுற்றியும் ஜல்லிக்கு இடையிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று செரிக்கும். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு இறங்கி, கடைசியில் குளத்துக்கு வரும். அந்தத் தண்ணீரைத் தோட்டங்களுக்குப் பாய்ச்சலாம். பெரிய இயந்திரமோ ரசாயனமோ தேவையில்லை. ஒரு நாளைக்கு 400 கன மீட்டர், அதாவது 4 லட்சம் லிட்டர் வரை சுத்திகரிக்கும் அளவுக்கு அது திட்டமிடப்பட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஓட ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே பிரச்சினை வந்துவிட்டது. உணவகங்களிலிருந்து எண்ணெயும் கொழுப்பும் அளவுக்கு மீறி வந்து பாத்திகளை அடைத்தன. நிலையத்தைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டியது யார், அதற்குப் பணம் தருவது யார் என்பது தெளிவாக இல்லை. உள்ளூர் மக்கள் அதைத் தங்களுடையது என்று நினைக்கவில்லை.

திட்டத்தை உருவாக்கிய வல்லுநர்களே இதைப் பின்னர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார்கள். தொழில்நுட்பம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பராமரிப்பும் உள்ளூர் மக்களின் பங்கும் இல்லாவிட்டால் அது நிற்காது என்பதே அவர்கள் கண்ட பாடம்.

இதை உம்பாயில் இக்கான் பக்கார் சாப்பிடும்போது யோசித்துப் பாருங்கள். அத்தனை சட்டிகளின் எண்ணெயும் ஏதோ ஓர் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். ஒவ்வொரு கடையிலும் எண்ணெயைத் தடுக்கும் தொட்டி இருக்கிறதா, அதை வாரம் தவறாமல் சுத்தம் செய்கிறார்களா? ஒரு கடற்கரை பசுமையாக இருப்பது பாதிக்கு மேல் இந்த மாதிரி சலிப்பூட்டும் வேலையில்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத நான்கு விஷயங்கள்

ஒரு தீவு விடுதி உண்மையிலேயே நீடித்து நிற்குமா என்று பார்க்க, அலங்காரத்தை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

*முதலாவது, தண்ணீர்.* சின்னத் தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதே காரணம். ஒரு குடும்பம் வாளியில் மொண்டால் ஒன்றும் ஆகாது. ஐம்பது அறை விடுதி மோட்டார் போட்டு இழுத்தால் அந்தப் படலம் மெலிந்து, கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு கிராமத்துக் கிணறும் கரிக்கும். 2004-ல் மாலத்தீவின் பல தீவுகளில் அலையே கிணறுகளை உப்பாக்கிவிட்டது. மழைநீர்த் தொட்டிகளையும், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களையும் நம்ப வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது வெளியேற்றும் கடும் உப்புநீரைக் கரையோரத்திலேயே விட்டால் பவளப்பாறைக்கும் கேடு.

*இரண்டாவது, கழிவு.* பீபீயில் பார்த்தோம். திடக்கழிவும் அப்படித்தான். தீவில் குப்பை லாரி கிடையாது. படகில் ஏறி வந்த ஒவ்வொரு போத்தலும் படகில் ஏறியே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் எங்காவது புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள்.

*மூன்றாவது, கரை.* கடலுக்கு எவ்வளவு அருகில் கட்டினால் அறை வாடகை அவ்வளவு அதிகம். ஆனால் மணல் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. பருவக்காற்றுக்கு ஏற்ப ஒதுங்கும், திரும்பி வரும். அதன் மேல் கட்டடம் கட்டினால், அதைக் காப்பாற்றச் சுவர் கட்ட வேண்டும். அந்தச் சுவர் அலையைத் திருப்பிவிட்டு, பக்கத்துக் கரையை அரிக்கும். அலையாத்திக் காடும் தாழை, சவுக்கு போன்ற கரையோர மரங்களும் நின்றால் ஓரளவு தடுப்பாக இருக்கும். சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கரையோரத்தை ஆராய்ந்து 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மரங்கள் நின்ற பகுதிக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. ரொம்பப் பெரிய அலையை மரங்கள் நிறுத்திவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் விடுதியின் 'சீ வியூ'வுக்காக அந்த மரங்களை வெட்டுவது, இருக்கிற கொஞ்சப் பாதுகாப்பையும் விற்பதற்குச் சமம்.

*நான்காவது, எண்ணிக்கை.* பீபீ டோன் தீவுக்குப் பக்கத்தில் பீபீ லே என்ற சின்னத் தீவு இருக்கிறது. 2000-ல் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து வெளிவந்த 'தி பீச்' படம் எடுக்கப்பட்ட மாயா விரிகுடா அங்கேதான். ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை போய் இறங்கினார்கள். படகுகளின் நங்கூரம் பவளத்தை நொறுக்கியது. கடைசியில் 2018 ஜூனில் தாய்லாந்து அரசு அதை மூடியது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வர முடியாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. மூடிய காலத்தில் கரும்முனைச் சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பி வந்தன. எவ்வளவு நல்ல விடுதி கட்டினாலும், வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இல்லாவிட்டால் பயனில்லை என்பதை மாயா விரிகுடா காட்டுகிறது.

மக்கள் வெளியே, விடுதி உள்ளே

இந்த நான்கையும் ஒரு நல்ல பொறியாளர் சரிசெய்துவிடலாம். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அது பொறியியல் சம்பந்தப்பட்டது இல்லை: நிலம் யாருடையது?

இலங்கையைப் பாருங்கள். சுனாமிக்குப் பின் அரசு கரையோரத்தில் ஒரு தடைப் பகுதியை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அதற்குள் வீடு கட்டக் கூடாது. காரணம் பாதுகாப்பு. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு கிடைத்தது. மீனவர் வீடு கட்டினால் ஆபத்து, விடுதி கட்டினால் ஆபத்து இல்லையா என்று மக்கள் கேட்டார்கள். அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பேயில் பெரிய சுற்றுலாத் திட்டம் வரையப்பட்டபோது இதே கோபம் எழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் தடைத் தூரங்கள் குறைக்கப்பட்டன.

மட்டக்களப்பின் பாசிக்குடாவில் 2009-ல் போர் முடிந்த பிறகு விடுதிகள் வரிசையாக எழுந்தன. கரை அழகாகிவிட்டது. படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் தங்களுக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது என்பது உள்ளூர் மீனவர்களின் நீண்ட நாள் குறை.

மாலத்தீவில் இன்னொரு விதம். அலை அடித்தபோது அங்கே 87 உல்லாச விடுதிகள் இருந்தன. ஏறக்குறைய 20 விடுதிகள் உடனே மூடப்பட்டன; பெரும்பாலானவை ஓராண்டுக்குள் திறந்துவிட்டன. ஆனால் அலையில் அழிந்த கண்டொல்ஹுதூ தீவின் மக்கள், துவாஃபரு என்ற புதுத் தீவில் செஞ்சிலுவை இயக்கம் கட்டிய வீடுகளுக்குக் குடிபோக நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆனது. விடுதிகளுக்குக் காப்பீடு, வங்கிக் கடன், முதலீட்டாளர் எல்லாம் இருந்தன. ஊர் மக்களுக்கு இருந்தது காத்திருப்பு.

இதன் உச்சம் கரீபியனில் இருக்கும் பார்புடா தீவு. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி அந்தத் தீவைத் தரைமட்டமாக்கியது. அங்கிருந்த சுமார் 1,800 பேரையும் பக்கத்தில் இருக்கும் அன்டிகுவா தீவுக்குக் கொண்டுபோனார்கள். பார்புடாவில் ஒரு விசேஷம் உண்டு. அடிமை முறை ஒழிந்த காலத்திலிருந்து அந்த நிலத்தை மக்கள் கூட்டாகவே வைத்திருந்தார்கள். யாரும் தனியாக விற்க முடியாது. 2007-ல் சட்டமும் அதை உறுதி செய்தது. மக்கள் வெளியேற்றப்பட்டு வீடு திரும்பப் போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில் அரசு அந்தச் சட்டத்தை மாற்றியது. புதிய விமான நிலையத்துக்கு நிலம் திருத்தும் வேலையும் தொடங்கிவிட்டது. கோல்ஃப் மைதானத்தோடு கூடிய ஆடம்பரக் குடியிருப்புத் திட்டம் ஒன்றும் வந்தது. அதுவும் சுற்றுச்சூழலை மதிக்கும் திட்டம் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டது.

தீவின் ஆசிரியர் ஒருவரும் அவரோடு சேர்ந்த இன்னொருவரும் விமான நிலைய அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்றது கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில், தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தது. கேள்வி கேட்கும் உரிமையை நிலைநாட்டவே அவர்களுக்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் போய்விட்டன.

இந்தக் கதை நமக்கு எங்கே கேட்ட மாதிரி இருக்கிறது?

அடிமை முறை ஒழிந்த பிறகு ஆள் தேடிய பிரிட்டிஷ் தோட்ட முதலாளிகள்தான் தமிழர்களைக் கூலிகளாகக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். பார்புடாக்காரர்களுக்கு அந்த முடிவில் நிலம் கிடைத்தது. நம் முன்னோருக்கு லயம் கிடைத்தது. லயம் வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும்.

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்கள் என்றால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு தோட்டம் கைமாறியது, பிறகு தாமான் வந்தது. மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் பலருக்கு ஒரு துண்டு நிலம்கூட மிஞ்சவில்லை. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடம் கேட்டுத் தனியாகப் போராட வேண்டியிருந்தது. அங்கே பேரிடர் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் 'மேம்பாடு' என்ற பெயரில் நடந்தது.

அதனால்தான் 'எக்கோ' என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சோலார் பற்றியதாக இருக்க வேண்டாம். இங்கே முன்பு யார் இருந்தார்கள், இப்போது அவர்கள் எங்கே என்று கேளுங்கள்.

மலாக்காவின் மெதுவான பேரிடர்

மலாக்கா கரைக்கு எதிரே இருக்கும் புலாவ் உப்பே ஒரு குட்டித் தீவு. கடல் ஆமைகளில் மிக அருகிவிட்ட இனங்களில் ஒன்றான அழுங்காமை, மலாயில் பென்யு காராஹ், காலங்காலமாக முட்டையிட வந்த இடம் அது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை அதிகம் முட்டையிடுவது மலாக்கா மாநிலத்தில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உப்பே தீவில் ஒரு காலத்தில் விடுதி இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. அதைவிடப் பெரிய சேதம் எதிர்க்கரையிலிருந்து வந்தது. மலாக்கா கரையோரத்தில் கடலை நிரப்ப நிரப்ப நீரோட்டம் மாறி, தீவின் மணல் அரிக்கப்பட்டது. மணல் இல்லாவிட்டால் ஆமைக்கு முட்டையிட இடமில்லை.

மஸ்ஜிட் தானா பக்கம் பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமை மையம் இருக்கிறது. முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். குஞ்சுகள் இரவில் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். கரையோர விடுதியின் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால், குஞ்சுகள் கடலுக்குப் பதிலாகச் சாலையை நோக்கி நகரும். ஒரு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி மறைப்பதுகூட ஆமையைக் காப்பாற்றும் வேலைதான்.

புலாவ் பெசாரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அஞ்சோங் பத்து படகுத்துறையிலிருந்து படகேறினால் சீக்கிரமே போய்விடலாம். அங்குள்ள சமாதிகளை வழிபட முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் போவதுண்டு. அங்கேயும் விடுதியும் கோல்ஃப் மைதானமும் கட்டப்பட்டு, பிறகு பாழாகின. சூறாவளியும் இல்லை, சுனாமியும் இல்லை. தீவு தாங்கக்கூடியதையும், அங்கே வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதையும் பார்க்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கட்டடங்களே சாட்சி.

அப்புறம் மலாக்கா கேட்வே. 2014-ல் கோலாகலமாகத் தொடங்கப்பட்ட திட்டம். கடலை நிரப்பி உருவாக்கும் தீவுகளில் ஹோட்டல், துறைமுகம், குடியிருப்பு என்று பேசப்பட்டது. அறிவிக்கப்பட்ட மதிப்பு சுமார் 43 பில்லியன் ரிங்கிட். 2020 நவம்பரில் மாநில அரசு உடன்பாட்டை முடித்துக்கொண்டது. அதன் பிறகும் திட்டத்தைப் புதுப்பிக்கும் பேச்சு ஓயவில்லை. ஊஜோங் பாசிரில் இருக்கும் போர்த்துகீசியர் குடியிருப்பின் மீனவர்கள், கடலை நிரப்பும் வேலையால் தங்கள் பிழைப்பு பாதிக்கப்படுவதாகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். கெராகாவ் என்ற குட்டி இறாலைக் கரையோர ஆழமில்லாத நீரில் நடந்தே பிடிக்கும் வழக்கம் அவர்களுடையது. அந்தக் கரையே விலகிப் போனால் அந்தத் தொழில் எங்கே நடக்கும்?

சுனாமி பத்து நிமிடத்தில் செய்வதைக் கரை அரிப்பு இருபது ஆண்டுகளில் செய்கிறது. வேகம்தான் வேறு. மெதுவாக நடப்பதால் செய்தியாவதில்லை, நிவாரண நிதியும் வருவதில்லை.

அப்படின்னா விடுதியே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2008-ல் மலாக்கா யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமானதிலிருந்து இந்த மாநிலத்தின் பொருளாதாரத்தில் சுற்றுலாவுக்குப் பெரிய பங்கு. 'மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2026' இயக்கமும் அதைத்தான் நம்புகிறது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, மெர்லிமாவ் பொலிடெக்னிக்கில் சுற்றுலாத் துறையில் படித்துவிட்டு சிங்கப்பூர் போகாமல் வீட்டுப் பக்கத்திலேயே நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

பிரச்சினை என்ன மாதிரி வேலை என்பதில் இருக்கிறது. அறை துடைக்கும் வேலை மட்டும் உள்ளூர்க்காரருக்கு, நிர்வாகம் முழுக்க வெளியாருக்கு என்றால் அது பழைய துரை-கங்காணி-கூலி ஏணிதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சோலார் அமைப்பைப் பழுதுபார்க்கிறவர், சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குகிறவர், உரிமம் பெற்ற படகோட்டி, ஆமைகளைப் பற்றி மூன்று மொழிகளில் விளக்கும் வழிகாட்டி. இவர்கள் உள்ளூர் ஆட்களாக இருந்தால் பணம் ஊரில் தங்கும். பீபீயின் பூந்தோட்டம் தடுமாறியதுபோல் தடுமாறவும் செய்யாது, ஏனென்றால் அது கெட்டால் கெடுவது அவர்களுடைய ஊர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பயணியாகப் போகும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

– தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊர்க் கிணறும் உங்கள் குழாயும் ஒரே நிலத்தடி நீரைப் பங்கு போடுகின்றனவா?

– கழிவுநீர் எங்கே போகிறது? அதைப் பராமரிப்பது யார்?

– குப்பை தீவை விட்டு வெளியேறுகிறதா?

– வேலை செய்பவர்களில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்கள்? மேலாளர்களில் எத்தனை பேர்?

– கரை எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? மீனவர் படகை இழுத்து நிறுத்த முடியுமா?

பதில் தெளிவாக வந்தால் நல்ல அறிகுறி. 'நாங்கள் மூங்கில் ஸ்ட்ரா தருகிறோம்' என்று பதில் வந்தால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

குடிமகனாக உங்களுக்கு இன்னும் வலுவான கருவி ஒன்று இருக்கிறது. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது நாம் 'இஐஏ' என்று சொல்லும் அறிக்கை, கட்டாயம். 2015 ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். செயற்கைத் தீவு உருவாக்கக் கடலை நிரப்புவதும் அதில் அடக்கம். ஜபாத்தான் ஆலாம் செகித்தார் எனப்படும் சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்தில் அறிக்கைகள் வரும். யார் வேண்டுமானாலும் எழுத்து வடிவில் கருத்து அனுப்பலாம். நகராட்சிகள் உள்ளூர்த் திட்ட வரைவை, அதாவது ரன்சாங்கான் தெம்பாத்தானை வெளியிடும்போதும் கருத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு.

அந்த அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஊஜோங் பாசிரிலோ கரையோரக் கம்போங்கிலோ இருக்கும் ஒரு மூத்த மீனவருக்கு அதைப் படிக்க நேரமும் பழக்கமும் இருக்காது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் பாட்டிக்கும் அன்று வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. உங்களுக்கு இரண்டு, மூன்று மொழி தெரியும், கையில் போன் இருக்கிறது.

தண்ணீர், கழிவு, கரை, எண்ணிக்கை, நிலம். அறிக்கையில் இந்த ஐந்துக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லுங்கள். முதல் தூணை இறக்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். பார்புடாவில் கேள்வி கேட்கும் உரிமை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டபோது, விமான ஓடுபாதை ஏற்கெனவே தரையில் இருந்தது.